ஒன்பதரை முதல் ஒன்றே முக்கால் வரை

காலை ஐந்தே காலுக்கு
பதினொரு கண்ணாடிகளைத் துடைக்கிறேன்.
பள்ளிப் பேருந்து, எண் நாற்பத்தேழு.
துலூத் நகரில் ஏரி உறையாத நாளிலும்
கண்ணாடி உறைந்துவிடும்.

என் இருக்கைக்குப் பின்னால்
முதலுதவிப் பெட்டிக்கும்
வாந்தியின் மேல் தூவுகிற தூளுக்கும் நடுவே
மூன்று கல்லூரிகளின் கையேடுகள்.
திரைப்படமும் ஒளிப்படமும்,
இரண்டாண்டு அசோசியேட் பட்டம்.

"நாற்பத்து மூன்று வயதிலா, மார்லிஸ்?"
என்று கேட்கவில்லை, பணிமனையில்
வண்டி ஒதுக்கும் ஆர்வில் பெக்கலா.
"எத்தனை மணிக்கு வகுப்பு?" என்றான்.

அதை யாரும் அட்டையில் போடுவதில்லை.

குன்றின் மேலுள்ள கல்லூரியின் அட்டையில்
கிரேன் உச்சியில் ஒரு பையன்
சூரியனைப் பார்த்துச் சிரிக்கிறான்.
போய்ப் பார்த்தேன். கிரேன் நிஜம்தான்.
அதில் ஏற இரண்டாம் ஆண்டு வரை பொறுக்க வேண்டும்,
அந்த வகுப்பும் மாலை மூன்றுக்கு.
மூன்று மணிக்கு நான்
மீன் கடைத் திருப்பத்தில் சிவப்பு விளக்கு எரியவிட்டு
நின்ற லாரியை முறைத்துக்கொண்டிருப்பேன்
கடைசிக் குழந்தை சாலையைக் கடக்கும்வரை.

பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில்
ஓர் இருட்டறை இருந்தது.
சிவப்பு விளக்கு அங்கேயும்.
காடி நெடி மூக்கில் ஏற,
தட்டில் மிதந்த வெள்ளைத் தாளில்
யாரோ ஒருவருடைய நாய் மெதுவாக வந்து நின்றது.
முதலில் காது. அப்புறம்தான் நாய்.
வாயடைத்து நின்றேன், ஒப்புக்கொள்கிறேன்.
"இங்கே படித்ததை நான்காண்டுக் கல்லூரி
கணக்கில் எடுத்துக்கொள்ளுமா?" என்று கேட்டேன்.
ஆலோசகர் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை.
காற்று பலத்தால் பாலத்தையும் மூடிவிடுவார்கள்.

மூன்றாவது ஒரு காலத்தில் மரச்சாமான் கடை.
மெத்தைகள் விற்ற இடம் இன்று படப்பிடிப்புத் தளம்;
தரைவிரிப்பு மட்டும் மாறவில்லை,
கட்டில் கால்கள் அழுந்திய குழிகளோடு.
பேருந்தை வெளியே இரண்டு கார் இடத்தில் நிறுத்தியிருந்தேன்.
சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது.
பதிவேட்டில் ஆர்வில் எழுதியது: டீசல்.

கேமரா இரவல் தரும் சாளரத்தில்
ஹோதான் என்ற மாணவி, சோமாலியப் பெண்.
மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது:
காலை எட்டு முதல் இரவு ஒன்பது.
கையேட்டில் இது இல்லையே என்றேன்.
கையேட்டை யார் படிக்கிறார்கள் என்றாள்.
"என்ன எடுக்கப் போகிறீர்கள்?"

நான் தயாராக இல்லை.
பின் இருக்கை, என்றேன்.
எல்லோரும் இறங்கிய பிறகும் எழுந்திருக்காத பையன்.
கண்ணாடியில் கட்டைவிரல் அளவே தெரிவான்.
வீடு வந்துவிட்டது என்று
அவனிடம் நான் எப்படிச் சொல்கிறேன் என்பதை.

அவள் ஒரு கேமராவைச் சாளரம் வழியே நீட்டினாள்.
"வாசல் தாண்டக் கூடாது."
வாசலில் நின்று பேருந்தை எடுத்தேன்.
மஞ்சளாக ஒரு தீற்றல்.
திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுகிறதா?" என்றாள்.
வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.
என் கைதான் ஓடியிருக்கிறது.

கட்டணம் குறைவு என்று சொல்ல முடியாது.
குளிர்கால டயருக்கு வைத்த பணம்,
அதோடு சனிக்கிழமை ஹாக்கி அணியை ஏற்றிப்போகும் கூலி.
விரலுக்குத் தகுந்த வீக்கம்தான்,
வலிக்காது என்று யார் சொன்னது.

இரவு படிவம் நிரப்பினேன்.
ஏன் இந்தக் கல்லூரி? நான்கு வரி இடம்.
முதல் வரியில் எழுதினேன்:
என் பேருந்து காலியாக இருப்பது
ஒன்பதரை முதல் ஒன்றே முக்கால் வரை.
உங்கள் வகுப்புகள் அதற்குள் முடிகின்றன.

மீதி மூன்று வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஐந்தே காலுக்குக் கண்ணாடி துடைக்க வேண்டும்.
அப்படியே ஒட்டிவிட்டேன்.